அந்த வைரஸின் வால் என்னுடையது

நோய் என் கையிலிருந்து போனது என்று தெரிந்தே, அதன் பழியை ஒரு சாயப்பட்டறைக்காரர் மேல் போட்டேன். மிளகாய்க் காட்டின் வரப்பில் நின்று, நாலு பேர் கேட்க, படித்தவன் குரலில் சொன்னேன். அவருடைய பட்டறை போயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நாளில் பதவி உயர்வுகூட வந்தது.

எண்பதுகளின் கடைசி அது. நான் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் பயிர்களைத் தாக்கும் வைரஸ்களைப் பற்றி வேலை செய்துகொண்டிருந்தேன். சொந்த ஊர் திருப்பூர். எங்களுடையது தறிக் குடும்பம். அண்ணன் தறியை விட்டுவிட்டு நிட்டிங் மெஷின் போட்டுப் பனியன் துணி ஓட்டினார். நான் மட்டும் படிப்பு என்று வெளியே போனவன். என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. வருகிற வியாபாரிகளிடம் அண்ணன், "நம்ம தம்பிங்க. செடிக்குச் சளி புடிச்சாப் பாக்கற டாக்டரு" என்று சிரிக்காமல் சொல்வார்.

அண்ணனின் துணிக்குச் சாயம் போட்டுக் கொடுத்தவர் ஒரு பாய். திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவே, ஒரு விவசாயியின் தோட்டத்து மூலையில், கிணற்றை ஒட்டி வாடகைக்குப் பட்டறை போட்டிருந்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டுத் தொட்டிகள், துணியைப் புரட்டச் சவுக்குக் கட்டைகள். பெரிய முதலாளி அல்ல. வேலையாட்களோடு அவரும் தொட்டியில் நின்று துணி அலசுவார். அலசிய தண்ணீர் வயலுக்குப் போகக்கூடாது என்பது தோட்டத்துக்காரர் போட்ட ஒரே நிபந்தனை. அதற்காகப் பட்டறைக்குக் கிழக்கே பெரிய குழி வெட்டி, அதற்குள் விட்டார். வயல் மேற்கே, மேட்டில் இருந்தது.

அந்தச் சமயம் நான் ஒரு சோதனைக்கு நிலம் தேடிக்கொண்டிருந்தேன். மிளகாயைத் தாக்கும் தேமல் வைரஸ் ஒன்று உண்டு. இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக விழும், செடி குறுகும், காய் சிறுக்கும். அசுவினிப் பூச்சி அதைச் செடிக்குச் செடி கொண்டு போகும். மருந்தில்லை. ஆனால் அதே வைரஸில் சாதுவான ரகம் ஒன்று கிடைத்தால், அதை நாற்றிலேயே ஏற்றிவிடலாம். உள்ளே ஒருவன் குடியேறிவிட்டால் தன் இனத்தான் இன்னொருவனை உள்ளே விடமாட்டான். வெளிநாடுகளில் செய்து பார்த்திருந்தார்கள். கண்ணாடிக் கூடத்தில் பல வருஷம் செடி மாற்றிச் செடி மாற்றி வளர்த்து, அப்படி ஒரு சாது ரகத்தை நானும் எடுத்து வைத்திருந்தேன். அது என் பெருமை. வயலில் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் நோயைக் கொண்டுவந்து விடுகிறேன் என்பவனுக்கு எவர் நிலம் தருவார்?

அண்ணன் கம்பெனியில் நான் இதைப் புலம்பியபோது பாய் அங்கே இருந்தார்.

"நம்ம தோட்டத்துக்கார அண்ணங்கிட்ட நான் கேக்கறனுங்க சார். நான் சொன்னாத் தட்ட மாட்டாரு" என்றார்.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தோட்டத்துக்காரர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து மோட்டாருக்குப் பியூஸ் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"ஏனுங்க சார், நல்லா இருக்கற செடிக்கு நீங்களே நோவக் குடுப்பீங்களா?"

"லேசான நோவுங்க. பெரிய நோவு வராம இருக்க. குழந்தைக்கு அம்மை குத்தற மாதிரி."

"மொளகாய்க்கு அம்ம குத்தறதா!" அவர் பாயைப் பார்த்தார். "பாய், இவரு நெசமாலுமே ஆபீசருதானா, இல்ல சந்தையில புடிச்சுட்டு வந்தியா?"

"நம்ம மொதலாளி தம்பிங்ணா. சந்தையில கெடைக்கற சரக்கு இல்ல."

"அழுகிப் போச்சுன்னா?"

"சார் பொய் சொல்ல மாட்டாருங்ணா. நானாச்சு."

தோட்டத்துக்காரர் சிரித்துவிட்டு, "பாய் சொன்னா அப்பீல் ஏது? குத்துங்க போங்க" என்றார்.

இருவருக்கும் அப்படி ஒரு பழக்கம். வாடகைக்காரர், நிலத்துக்காரர் என்ற கணக்கு அவர்களுக்குள் இல்லை. சாயங்காலம் பட்டறை நின்றதும் பாய் கிணற்று மேட்டுக்கு வருவார். ஒரே தூக்குப்போசியில் டீ. நோன்பு மாதத்தில் மட்டும் தோட்டத்துக்காரர் தன் டீயையும் பொழுது சாயும்வரை தள்ளி வைப்பாராம். "ஒருத்தன் பாக்கறப்போ எப்படிக் குடிக்கறது?" என்பார்.

ஆடி மழை பெய்தது. நாற்று நடப் பதமாக இருந்தது. என் மேலதிகாரி வயலைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். நான் நாற்றங்காலுக்குப் போனேன். அங்கே முதல் தப்பு நடந்தது. சில நாற்றுகளில் மெல்லிய மஞ்சள் திட்டு தெரிந்தது. உள்ளூர்த் தேமல் ஏற்கெனவே புகுந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது எளிது. இலையைக் கசக்கிச் சாறெடுத்து, புகையிலை, தட்டைப்பயறு போன்ற சோதனைச் செடிகளில் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவற்றின் இலையில் விழும் புள்ளிகள் எந்த ரகம் என்று சொல்லிவிடும். நான் காத்திருக்கவில்லை. சத்துக் குறைவாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, என் சாது ரகம் ஏறிய இலைச் சாற்றை, இலையைக் கீறும் நுண்பொடி கலந்து எல்லா நாற்றுக்கும் விரலால் தேய்த்தேன்.

அந்த விரல் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நான் செய்ததைச் சொல்ல முடியாது.

பயிர் வைரஸ்களில் பெரும்பாலானவற்றின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. ஒற்றை இழை. நம் உடம்பில் இருக்கும் டி.என்.ஏ. போல் இரட்டை முறுக்கு அல்ல. செடியின் செல்லுக்குள் போனதும், அந்த இழையைப் பார்த்து நகல் எடுக்க ஒரு நொதி வருகிறது. இழையின் ஒரு முனையில் உட்கார்ந்து மறு முனைவரை ஓடும். ஓட ஓட நகல் நீளும். எழுதியதைத் திரும்பிப் படித்துத் திருத்தும் பழக்கம் அதற்குக் கிடையாது. இழை நேராகவும் இருக்காது. அங்கங்கே தன்மேல் தானே மடிந்து கொண்டை போட்டிருக்கும். அப்படி ஓர் இடத்தில் நொதி தடுக்கி நிற்கும். நின்றது சில சமயம் கைவிட்டுவிடும். பாதி எழுதிய நகலோடு மிதந்து, பக்கத்தில் கிடக்கிற வேறோர் இழையில், கிட்டத்தட்ட அதே போன்ற இடத்தில் உட்கார்ந்து, விட்டதிலிருந்து எழுதத் தொடங்கும்.

பக்கத்து இழையும் அதே ரகம் என்றால் ஒன்றும் மாறாது. வேறு ரகம் என்றால், ஒரு ரகத்தின் தலையும் இன்னொன்றின் வாலுமாகப் புது வைரஸ் ஒன்று பிறக்கும். அதற்கு இரண்டு ரகமும் ஒரே செல்லுக்குள் இருக்க வேண்டும். முதல் ரகம் முழுசாகக் குடியேறுவதற்குள் இரண்டாவதைத் தேய்த்தால் அது நடக்கும், என் விரல் செய்தது அதைத்தான். பிறப்பவற்றில் அநேகமாக எல்லாமே உதவாதவை, அங்கேயே சாகும். எப்போதோ ஒன்று பிழைத்துக்கொள்ளும். பெற்ற இரண்டையும்விட வேகமாகப் பெருகும் ஒன்றாகவும் அது அமையலாம்.

இது அப்போது ஆய்விதழ்களில் வரத் தொடங்கியிருந்தது. நான் படித்திருந்தேன். சோதனைக்கூடத்து விநோதம், வயலில் எங்கே நடக்கப் போகிறது என்று பக்கத்தைத் திருப்பியவன் நான்.

முதல் மாதம் மிளகாய்க் காடு அழகாக இருந்தது. மேலதிகாரி வந்து பார்த்து என் தோளைத் தட்டினார். பூ எடுத்த பிறகு, நடுவில் ஒரு திட்டு கருகத் தொடங்கியது. கொழுந்து நார் போலச் சுருங்கிற்று. காம்பிலிருந்து கீழ்நோக்கிக் கருப்புக் கோடு ஓடியது. பிஞ்சுகளில் வளையம் வளையமாகக் கருப்பு விழுந்து உதிர்ந்தன. அந்தத் திட்டு பெரிதாகி, அடுத்த திட்டு தோன்றி, காடு முழுக்கப் பரவியது. உள்ளூர்த் தேமல் இப்படிச் செய்யாது. என் ரகம் செய்யவே செய்யாது.

இந்தத் தடவை சோதனைச் செடிகளில் தடவினேன். உள்ளூர் ரகத்துக்குப் புகையிலை இலையில் மஞ்சள் தேமல் விழும். என் ரகத்துக்குக் கண்ணுக்கே தெரியாத வெளிறல். இதற்கு இலையே பொசுங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. சில இலைகளைக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் உப்புப் போட்ட கண்ணாடிக் குழாயில் அடைத்து, மெழுகால் மூடி வைத்தேன். வைரஸ் அப்படிப் பல ஆண்டு கிடக்கும். ஏன் வைத்தேன் என்று கேட்டால், தொழில் பழக்கம் என்றுதான் சொல்வேன். மனசாட்சி என்று சொன்னால் அது பொய்.

ஊரில் இதற்குள் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு செடி வாடினால் முதலில் வருகிற வார்த்தை சாயத் தண்ணி. அது வீணான வார்த்தையும் அல்ல. நொய்யல் கரையில் கிணறுகள் கெட ஆரம்பித்திருந்தன. எல்லோரும் பயந்திருந்தார்கள். பாயின் பட்டறை கண்ணெதிரே இருந்தது.

ஒரு காலையில் தோட்டத்துக்காரரும் அவர் பங்காளிகளும் வரப்பில் நின்றிருந்தார்கள். பாயை வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கும் ஆள் அனுப்பியிருந்தார்கள். பாய் சாயம் படிந்த கையோடு ஓடி வந்திருந்தார்.

ஒரு பங்காளி, "பாய், உன்ற தொட்டித் தண்ணி காட்ட மொளகாத் தூளாவே ஆக்கிப்போட்டுதே. பறிச்சு அரைக்கற வேல மிச்சம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"ஏனுங்ணா, என்ற தண்ணி கெழக்கால போவுது. காடு மேக்கால மேட்டுல கெடக்குது. தண்ணி மேடேறுமுங்களா?"

தோட்டத்துக்காரர் பாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நாம எதுக்குப் பேசிக்கிட்டு? சார் சொல்லட்டும். அவரு படிச்சவரு. பாய், நீயே கூட்டியாந்தவரு. சார் சொன்னா ஒத்துக்குவியா?"

"ஒத்துக்கறனுங்ணா" என்றார் பாய். முகம் தெளிந்தது. என்னிடம் நியாயம் வரும் என்று நம்பினார்.

சாயத் தண்ணீர் பட்டிருந்தால் இலை ஓரத்திலிருந்து காயும். மண்ணில் வெள்ளை பூக்கும். வாய்க்கால் தலைப்பில் தொடங்கும். இங்கே எதுவும் இல்லை. இதை ஐந்து நிமிஷத்தில் காட்டியிருக்கலாம். அதற்கு அடுத்து, பின்னே இது என்ன என்று கேட்பார்கள். அதுதான் எனக்கு வேண்டாதது.

"சாயத் தண்ணியா இருக்கலாமுங்க" என்றேன்.

"மேடாச்சுங்களே சார்?" என்றார் பாய்.

"பூமிக்கு அடியில எப்படிப் போகும்னு நம்மளால சொல்ல முடியாதுங்க."

பாய் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கையில் ஒட்டியிருந்த நீலத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அது போகிற சாயம் இல்லை. "செரிங்க. சாரு சொன்னா செரி" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதமே பட்டறை காலியானது. சண்டை நடக்கவில்லை. தோட்டத்துக்காரர் சாவியைக் கேட்டார், பாய் கொடுத்தார். தோட்டத்தைக் கெடுத்தவன் என்ற பெயரோடு போனவருக்கு அந்தச் சுற்று வட்டாரத்தில் கிணறு தர யாரும் முன்வரவில்லை. ஒரு பெரிய சாய ஆலையில் கலர் மாஸ்டராகச் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

அந்த வருஷத் தீபாவளிக்கு அண்ணன் கம்பெனியில் ஒன்று நடந்தது. சாயம் போட்டு வந்த துணியில் குறுக்கே பட்டை பட்டையாக நிறம் மாறியிருந்தது. நிட்டிங் மெஷினில் ஒரு கோன் நூல் தீர்ந்தால், அடுத்த கோனின் நுனியை முடிச்சுப் போட்டு மெஷினை ஓட்டுவார்கள். ஒரே லாட் நூலாக, அதாவது ஒன்றாக நூற்று வந்த நூலாகப் பார்த்துப் போட வேண்டும். அவசரத்தில் வேறு லாட்டைப் போட்டுவிட்டால் துணி ஓட்டை விழாது, அறுபடாது, நன்றாகவே ஓடும். சாயம் போடாத கோரா துணியில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தொட்டியில் இறங்கிய பிறகுதான் இரண்டு நூலும் இரண்டு விதமாகச் சாயம் குடித்துப் பட்டை விழும். அண்ணன் தன் ஆளின் தப்பு என்று தெரிந்தே போனை எடுத்து, புது சாயக்காரரை, "என்னய்யா சாயம் போடற நீ, கண்ணு தெரியுதா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். திருப்பூரில் இது ஊரறிந்த வழக்கம். தப்பு எங்கே நடந்தாலும் அது தொட்டியில்தான் தெரியும். அதனால் தொட்டிக்காரன் தலையில் விடியும்.

இதே வேடிக்கைக்கு முன்பெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். அன்று பலகாரத் தட்டைத் தள்ளி வைத்தேன். வேறு லாட் நூலை முடிச்சுப் போட்டவன் நான். ஓடியது செடிக்குள். ஏச்சு வாங்கியது தொட்டிக்காரர்.

ஆனாலும் பேசாமல் இருந்தேன். வருஷங்கள் அப்படியே போயின. வேறு ஊர், வேறு பயிர், பிள்ளைகளின் படிப்பு. இலை அடைத்த குழாய் மட்டும் என்னோடு ஒவ்வொரு மாற்றலிலும் வந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதியில், ஆர்.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்கும் வசதி நம்மூர்க் கூடங்களுக்கும் வந்தது. பழைய நண்பர் ஒருவர் அப்படி ஓர் இடத்தில் இருந்தார். குழாயில் இருந்த இலையையும், என் சாது ரகத்தையும், உள்ளூர்த் தேமலையும் அனுப்பினேன். பதில் போனில் வந்தது. தலையும் உடம்பும் உள்ளூர் ரகம். வால் பகுதி, கடைசி எழுத்துவரை, என்னுடையது. இரண்டும் சேரும் இடம், இழை மடிந்து கொண்டை போடும் இடத்தை ஒட்டியிருந்தது. "அருமையான உதாரணம். எழுதினால் நல்ல இதழில் வரும்" என்றார் நண்பர். அவர் மகிழ்ச்சியாகச் சொன்னார். இது அந்தக் காட்டில்தான் உண்டானது என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. எனக்கு நிரூபணம் தேவைப்படவில்லை. அந்த வால் உலகத்தில் வேறெங்கும் இருந்ததில்லை, என் கண்ணாடிக் கூடத்தைத் தவிர.

பாயை ஆலை வாசலில், ஷிப்ட் விடும் நேரத்தில் பிடித்தேன். தாடி நரைத்திருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வரப்பில் நின்றபோதே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"தண்ணி மேடேறாதுன்னு எனக்குத் தெரியுமுங்க சார். நீங்க சொன்னப்புறம் நானே சந்தேகப்பட்டுட்டேன். ராத்திரியெல்லாம் பொண்டாட்டிகிட்டக் கேட்டுட்டுக் கெடந்தேன், நெசமாலுமே நாமதான் கெடுத்துட்டமான்னு."

மன்னிப்புக் கேட்டேன். அவர் காலி கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"பேப்பர்ல போடட்டுங்களா? ஊர்ல சொல்லட்டுங்களா?"

"ஊருக்கு எதுக்குங்க? இப்ப ஊரே சாயத் தண்ணியில போச்சு. அதுக்கு நியாயம் கேட்டு அலையறாங்க. நீங்க இதச் சொன்னா, பாத்தீங்களா சாயத் தண்ணியே இல்லையாமான்னு பெரிய பெரிய மொதலாளிக புடிச்சுக்குவாங்க. தோட்டத்துக்கார அண்ணனுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

மறு வாரம் இருவரும் பஸ்ஸில் போனோம். இறங்கியதும் அவர் நின்றுவிட்டார். அவருடைய பழைய பட்டறை இருந்த மூலையில் பெரிய சாய ஆலை நின்றது. பாயை அனுப்பிய பிறகு தோட்டத்துக்காரர் சில வருஷம் அந்த இடத்தைச் சும்மா போட்டிருந்தார். அப்புறம் மகன்கள் பெரிய கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அவர்கள் குழி வெட்டவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மாதுளை நிறத்தில் இருந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த மேற்குக் காட்டில் மண் வெள்ளை பூத்துக் கிடந்தது. நான் அன்று சொன்ன பொய், நான் சொன்ன பிறகு உண்மையாகியிருந்தது.

தோட்டத்துக்காரர் தன் தோட்டத்து வீட்டுச் சாளையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதலில் பாயைத்தான் பார்த்தார். எழுந்திருக்கப் போனவர் உட்கார்ந்துகொண்டார். நான் நின்றபடியே சொன்னேன். நாற்றங்காலில் பார்த்த மஞ்சள் திட்டிலிருந்து கடைசிவரை. நூல் லாட் மாறிய கதையைச் சொல்லித்தான் வைரஸை விளக்கினேன். அவருக்குப் புரிந்தது.

"அப்ப அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"பாயி உங்களுக்காக நானாச்சுன்னு நின்னான்."

"ஆமாங்க."

அவர் கிணற்றைப் பார்த்தார். பிறகு பாயிடம், "ஏன் பாய், நான் சாவியக் கேட்டப்போ நீ என்னைய ஒரு வார்த்த வஞ்சிருக்கலாமல்ல? வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்றார்.

"சாரு சொன்னா ஒத்துக்கறேன்னு சொல்லிட்டனுங்களே" என்றார் பாய்.

உள்ளே திரும்பி டீ வைக்கச் சொன்னார் தோட்டத்துக்காரர். நான் கட்டில் ஓரத்தில் உட்காரலாமா என்று பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். கோபப்படாமல் மரியாதையாகவே பேசினார். அந்த மரியாதைதான் இன்றுவரை தைக்கிறது.

"வந்து சொன்னீங்க, செரிங்க சார். நீங்க கெளம்புங்க. அடுத்த பஸ்ஸு இப்ப வந்துரும். பாயி இருக்கட்டும்."

நான் கிளம்பினேன். வரப்பில் கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் பார்த்தபோது பாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

நண்பர் சொன்ன கட்டுரையை எழுதவில்லை. என் கண்ணாடிக் கூடத்தின் சாது ரகத்தை வயலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று துறைக்குக் காரணத்தோடு எழுதிக் கொடுத்தேன். என் மேல் விசாரணை வைக்கவும் கேட்டேன். பழைய கதை, விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பட்டறையையும் கிணற்றையும் யாராலும் திருப்பித் தர முடியவில்லை. பாய் ஓய்வுபெறும்வரை கலர் மாஸ்டராகவே இருந்தார்.

நாங்கள் தோட்டத்துக்குப் போய் வந்த அடுத்த தை மாதம் பாயின் கடைசிப் பெண்ணுக்கு நிக்காஹ் நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை. அண்ணன் போய்விட்டு வந்து சொன்னார். தோட்டத்துக்காரர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். பழநிக்கு மாலை போட்டிருந்த அவருக்கென்று, பக்கத்து வீட்டில் தனி அடுப்புக் கூட்டித் தக்காளிச் சாதம் செய்திருந்தார்களாம். பாய் தன் கையாலேயே இலை போட்டாராம்.

"உன்னைய ஏன் கூப்படல?" என்று அண்ணன் கேட்டார்.

அண்ணனுக்கும் அன்றுதான் நடந்ததைச் சொன்னேன்.